மூச்சோடு அசையாத நாடி

ஈ.சி.ஜி. அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் மெஷின் இப்போது படமும் எடுத்து, அதற்கு அர்த்தமும் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதற்குக்கூட ஓர் எண் போட்டுத் தருகிறதாம். சந்தோஷம். நான் வேலை பார்த்த காலத்தில் அந்த வேலையை ஒரு டாக்டரம்மா இரண்டு விரலை வைத்துச் செய்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போன் போட்டு, "பாய், உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்று கேட்பார்.

நான் வாணியம்பாடிக்காரன். எங்கள் வீட்டில் அத்தனை பேரும் தோல் வியாபாரம். எனக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை, படிப்பும் பெரிதாக ஏறவில்லை. எப்படியோ ஈ.சி.ஜி. எடுக்கக் கற்றுக்கொண்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலையில் ஒரு தொண்டு ஆஸ்பத்திரி நடத்திய சின்னக் கிளைக்கு என்னை அனுப்பினார்கள். ஓட்டுக் கட்டடம், நான்கு கட்டில், யாரோ தானமாகக் கொடுத்த ஒரு பழைய மெஷின். கரண்ட் வந்தால் உண்டு, வராவிட்டால் பேட்டரி. மலை மக்கள் எனக்கு 'மிஷின் பாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் சொந்தப் பெயர் அங்கே யாருக்காவது தெரிந்திருந்தால் ஆச்சரியம்தான்.

எனக்கு என் வேலையில் ஒரு கர்வம் இருந்தது. நான் எடுக்கும் படத்தில் கோடு மேலும் கீழும் அலையாது. ஆள் மூச்சு விட்டால் நெஞ்சு அசையும், நெஞ்சு அசைந்தால் கோடு அலையும். அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிறபடி, "மூச்ச அடக்குங்க, ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவேன். காகிதம் நூல் பிடித்த மாதிரி நேராக வரும். கீழே இருந்து வரும் பெரிய டாக்டர்கள்கூட அதைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள்.

டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். மதுரைப் பக்கம். படிப்பை முடித்து முதல் வேலைக்கே மலைக்கு வந்துவிட்டார். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. நோயாளியின் கையைப் பிடித்தால் மட்டும் அந்த வேகமெல்லாம் எங்கே போகுமென்று தெரியாது. வெளியே வரிசை நிற்கும், குழந்தைகள் அழும், அவர் பாட்டுக்குக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். ஆரம்பத்தில், இந்தப் பொண்ணு தூங்குகிறதா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

சாமை அறுவடை முடிந்திருந்த சமயம். எங்கள் ஆஸ்பத்திரி இருந்த ஊரில் காளியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக் கூடாது. கரகம் எடுப்பவருக்கு இன்னும் கட்டு அதிகம். அவர் எல்லையை மிதிக்கவே கூடாது. விரதச் சோறுதான் சாப்பிட வேண்டும். விழா நாளில் ஓடையில் தண்ணீர் மொண்டு, பூ சுற்றிய கரகத்தைத் தலையில் வைத்து, மலை உச்சியில் இருக்கும் கோயில்வரை கொண்டு போக வேண்டும். நடுவில் கரகம் தலையை விட்டு இறங்கக் கூடாது. யார் எடுப்பது என்று சாமி முன்னால் பூப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஓர் ஆளுக்கு வாழ்நாளில் ஒருமுறை வந்தாலே பெரிய பாக்கியம்.

அந்த வருடம் பூ விழுந்தது வெள்ளையன் என்பவருக்கு. நாற்பதை ஒட்டிய வயது, நல்ல உழைப்பாளி. கையில் காப்பாகக் கட்டிய மஞ்சள் கயிறோடு இருந்த அவரை இழுத்துக்கொண்டு வந்தவர் அவர் மனைவி சென்னம்மா. எங்கள் கட்டடம் ஊர் எல்லைக்குள்ளேயே இருந்ததால் வர முடிந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. இவதான் பயந்துனு கீறா" என்றார் வெள்ளையன்.

டாக்டரம்மா கையைப் பிடித்தார். பிடித்தார், பிடித்தார், விடவே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். பிறகு அவரிடம், "மூச்சை நல்லா இழுங்க. மெதுவா விடுங்க. இன்னொரு தடவை" என்றார். மறுபடியும் பிடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "பாய், படம் எடுங்க. நீளமா ஓட விடுங்க. மூச்சை அடக்கச் சொல்லாதீங்க, விடச் சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் படத்தை நானே கெடுப்பதா. ஆனாலும் எடுத்தேன். கோடு ஏறி இறங்கி அலைந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் துடிப்புகள் மட்டும் தையல் மெஷின் போட்ட தையலைப் போல ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றன. கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். "நாடி சுத்தமா இருக்கும்மா, கொஞ்சம்கூடப் பிசகல" என்றேன்.

"அதான் பாய் பயமா இருக்கு" என்றார். "நீங்க படுங்க. சென்னம்மா, நீங்க இந்தக் காகிதத்தைப் பிடிச்சுக்குங்க."

எனக்கு மெஷினை மாட்டி அவரே ஓட்டினார். நான் இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். சென்னம்மாவிடமிருந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். மூச்சை இழுத்த இடத்தில் துடிப்புகள் நெருங்கி நின்றன, விட்ட இடத்தில் விலகி நின்றன. ஒரு இடைவெளி மாதிரி அடுத்தது இல்லை. எனக்குத்தான் ஏதோ கோளாறு, வீட்டுக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று யோசிக்கவே தொடங்கிவிட்டேன்.

டாக்டரம்மா சிரித்தார். "எழுந்திரிங்க, உங்களுக்கு ஒண்ணுமில்ல. இதுதான் நல்ல இதயம். மூச்சை இழுத்தா கொஞ்சம் முந்தும், விட்டா கொஞ்சம் நிதானிக்கும். மூச்சுக்கு விட்டுக்கொடுக்கும். அவருடைய இதயம் விட்டுக்கொடுக்கல. அதுக்கு நிதானிக்க நேரமே இல்ல. உட்கார்ந்திருக்கிறப்பவே முழு மூச்சா ஓடிக்கிட்டிருக்கு. மலை ஏறச் சொன்னா அதுக்கு மேல ஓட அதுகிட்ட மிச்சம் என்ன இருக்கு?"

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு நாளைக்கே யார் கையையாவது பிடித்துப் பயமுறுத்தாதீர்கள். வயதானால் இந்த அசைவு குறையும். சர்க்கரை நோயிலும் குறையும், சில மாத்திரைகளாலும் குறையும். டாக்டரம்மாவும் அதை மட்டும் நம்பவில்லை. நாடி அவரை உஷார்ப்படுத்தியது. அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ராத்திரி எப்படித் தூங்குறாரு?"

வெள்ளையன் வாயைத் திறப்பதற்குள் சென்னம்மா சொன்னார்: "படுக்கவே மாட்றாருங்க. சுவத்துல சாஞ்சிக்கினு தூங்குறாரு. இன்னான்னு கேட்டா விரதம்ன்றாரு."

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து நெடுநாள் படுத்திருந்தாராம். அதிலிருந்துதான் இப்படி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. காய்ச்சல் இதயத்தை வீங்க வைத்துவிட்டது, இன்றைக்கே கீழே போளூர் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் டாக்டரம்மா. கரகத்தோடு மலை ஏறினால் பாதி வழியில் உயிர் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வெள்ளையன் மஞ்சள் கயிற்றைத் தடவிப் பார்த்தார். "நான் எல்லையைத் தாண்டினா விழா நின்னு பூடும். ஊரே என்னைத் திட்டும். என் புள்ளைங்களத் திட்டும். பூ எனக்கு வுழுந்துது டாக்டரம்மா. செத்தாலும் அவ வாசல்ல சாவறேன்."

சென்னம்மா சத்தமில்லாமல் அழுதார். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா. மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் செய்திருப்பேன், அவரும் எழுந்து போயிருப்பார். படித்தவர்கள் பலர் அப்படித்தான் நோயாளியை இழந்திருக்கிறார்கள். டாக்டரம்மா ஊருக்குத் தலைவரான கவுண்டரைக் கூட்டிவரச் சொன்னார்.

கவுண்டர் வந்தார். கட்டுமஸ்தான ஆள், பேச்சில் கறார். இந்த அம்மா விழாவை நிறுத்தச் சொல்லப்போகிறது என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா நிறுத்தச் சொல்லவே இல்லை. "எனக்கு உங்க கட்டு தெரியாது. நீங்கதான் சொல்லணும். கரகம் எடுக்கிறவர் என்னென்ன செய்யக் கூடாது?" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"எல்லையைத் தாண்டக் கூடாது. உப்பு சேக்கக் கூடாது. கரகம் தலைய வுட்டு எறங்கக் கூடாது."

"உப்பு சேர்க்கறதில்லையா?" டாக்டரம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வீங்கின இதயத்துக்கு உப்புதான் முதல் எதிரி. விரதம்தான் அந்த மனிதரை அதுவரை தாங்கிப் பிடித்திருக்கிறது. "அதை மட்டும் விடாதீங்க. சரி, கரகம் தலையில இருக்கணும். அவர் நடந்துதான் போகணுமா?"

கவுண்டர் யோசித்தார். "நடந்துதான் போவாங்க. ஆனா நடக்கணும்னு யாரும் சொல்லல."

"உடம்பு முடியாதவங்களைக் கீழ எப்படிக் கொண்டு போறீங்க?"

"டோலி கட்டித் தூக்கினு போவோம்."

"அப்ப அவரையும் தூக்கிட்டுப் போங்க. ஒரு நாற்காலியில உட்கார வச்சு, மூங்கில் கட்டி. கரகம் அவர் தலையில. விழா முடிஞ்சு காப்பை அவிழ்த்ததும் அதே நாற்காலியில கீழ கொண்டு வாங்க. நானும் கூட வர்றேன்."

கவுண்டர் வெள்ளையனைப் பார்த்தார், சென்னம்மாவைப் பார்த்தார். "பண்ணலாம்" என்றார். எழுந்து போகும்போது என்னிடம் மட்டும், "இன்னா பாய், இந்த அம்மா நம்மூர்ல பொறந்திருக்க வேண்டியது" என்றார். எனக்கு அவரைப் பார்த்து, எங்கள் டாக்டரம்மாவை உங்களுக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று சொல்லத் தோன்றியது.

விழாவுக்கு இருந்த இடைப்பட்ட நாட்களில் வெள்ளையன் எங்கள் கட்டிலில்தான் சாய்ந்து கிடந்தார். இருந்த மாத்திரைகளைக் கொடுத்தோம். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. டாக்டரம்மா மேளக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "மெதுவா அடிங்கப்பா. வேகமா அடிச்சா அவருக்கு அருள் வந்துரும், எழுந்து ஆடிருவாரு" என்று சொன்னார். அவர்களும் பெரிதாகத் தலையாட்டினார்கள்.

விழா நாள் காலையில் ஓடையில் கரகம் நிரம்பியது. நாற்காலி கிளம்பியது. எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். டாக்டரம்மா பக்கத்திலேயே நடந்தார். நான் மருந்துப் பெட்டியோடு பின்னால். பாதி மலைவரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. செங்குத்தான ஏற்றம் வந்ததும் கூட்டம் குலவை போட்டது. மேளக்காரர்கள் சொன்னதை மறந்தார்கள். மறப்பார்களா இல்லையா, சாமி காரியம். அடி வேகமாகிவிட்டது.

வெள்ளையன் கண் செருகியது. நாற்காலியிலிருந்து குதித்தார். தலையில் கரகத்தோடு ஏற்றத்தில் ஆடிக்கொண்டே ஏறினார். யாரும் தடுக்கவில்லை. சாமியைத் தடுப்பார் யார். சில அடிதான் போயிருப்பார். உட்கார்ந்துவிட்டார். இருமல், வாயோரம் நுரை, மூச்சு இரைக்கிற சத்தம் மேளத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது.

மேளம் நின்றது. கவுண்டர் பாய்ந்து வந்து கரகத்தை இரண்டு கையாலும் தலையிலேயே பிடித்துக்கொண்டார். நான் மருந்துப் பெட்டியைத் திறந்தேன். டாக்டரம்மா பயப்படவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் குரல் நடுங்கவில்லை.

"கவுண்டரே, கரகம் உங்க பொறுப்பு. ஆள் என் பொறுப்பு. படுக்க வைக்காதீங்க, நாற்காலியில உட்கார வைங்க, கால் கீழ தொங்கட்டும். எல்லாரும் ஆளுக்கொரு துண்டு கொடுங்க."

துண்டுகளை இரண்டு தொடையிலும் ஒரு கையிலும் சுற்றிக் கட்டினார். கால், கையிலிருந்து இரத்தம் உடனே திரும்பிப் போய் இதயத்தை மூழ்கடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்கள். கட்டுகளை மாற்றி மாற்றி அவிழ்த்துக் கட்டினார். இன்னொரு கையில் நீர் பிரிய வைக்கும் ஊசியை நரம்பில் போட்டார். மலையேற்றத்தில், கூட்டத்துக்கு நடுவில், தலைக்கு மேல் கவுண்டர் கரகம் பிடித்திருக்க, ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. நான் எத்தனையோ பெரிய டாக்டர்களோடு வேலை செய்திருக்கிறேன். அந்த ஊசியை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் காத்திருந்தோம். அவர் கையைப் பிடித்தபடி டாக்டரம்மா ஒரு கல்லில் உட்கார்ந்தார். செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, இனி அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது என்று தெரிந்து சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குப் போகப்போகத் தெரியும். மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது. வெள்ளையன் கண்ணைத் திறந்தார். எதையோ சொல்ல வெட்கப்பட்டார். சென்னம்மா குனிந்து காது கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி டாக்டரம்மாவிடம் சொன்னார்.

"ஒண்ணுக்கு வருதாம்."

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று பார்த்தால் சிரிப்பு, கண்ணில் தண்ணீரும் இருந்தது. ஊசி வேலை செய்கிறது, நெஞ்சில் தேங்கிய நீர் வெளியே போகிறது. அதைவிட நல்ல செய்தி அந்த மலையில் வேறு இல்லை.

ஆனால் ஊருக்கு அது பெரிய சங்கடம். கரகம் தலையில் இருக்கிறது, இறக்கக் கூடாது. சுமக்கிற ஆள் எப்படிப் போவது. பெரியவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். இது ஆகாது என்று ஒருவர் சொன்னார். கரகத்தைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போன கவுண்டர் கத்தினார்.

"இன்னாயா ஆவாது? ஓடைத் தண்ணிய வுட்டவளும் அவதான், இவனுக்குள்ள தண்ணிய வச்சவளும் அவதான். பொம்பளைங்கள்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க. ஒரு வேட்டி புடிங்க. அப்புறமா மஞ்சத் தண்ணி தெளிச்சிக்கலாம்."

பெண்கள் திரும்பினார்கள். ஆண்கள் வேட்டியை மறைப்பாகப் பிடித்தார்கள். ஒரு பாத்திரம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு முறை வேட்டி பிடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் நாற்காலி கிளம்பியது. மேளம் இப்போது அவ்வளவு மெதுவாக ஒலித்தது, அடிக்கிறார்களா தடவுகிறார்களா என்று தெரியவில்லை. கரகம் தலையை விட்டு இறங்காமல் கோயில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக மறுநாள் அவிழ்க்கும் காப்பைக் கவுண்டர் அந்த வாசலிலேயே அவிழ்த்தார். அன்று சாயங்காலமே வெள்ளையன் போளூர் போகும் ஜீப்பில் இருந்தார், டாக்டரம்மா பக்கத்தில்.

காய்ச்சலில் வீங்கும் இதயங்கள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சிலருடையது திரும்பும். மாதக்கணக்கில் மாத்திரை, உப்பில்லாத சோறு, ஓய்வு. பாரம் தூக்கியே பழகிய மனிதரை வீட்டில் உட்கார வைக்கச் சென்னம்மா பட்ட பாடு தனிக் கதை.

அடுத்த வருடம் பூப் போட்டுப் பார்த்ததும், காப்புக் கட்டுவதற்கு முன்னால், கவுண்டர் புதிய ஆளை எங்களிடம் அழைத்து வந்தார். "மொதல்ல நீங்க பாருங்க. அப்புறம் நாங்க கட்றோம்" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே ஊர்க் கட்டில் ஒன்றைச் சேர்த்துவிட்டார். அந்தப் பையனின் நாடி மூச்சுக்கு மூச்சு அழகாக அசைந்தது. கூடவே வந்திருந்த வெள்ளையனும் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். நான் காகிதத்தை ஓடவிட்டேன். இடைவெளிகள் இலேசாக நெருங்கின, இலேசாக விலகின. முழுசாக இல்லை, ஆனால் அசைந்தன. காகிதத்தைக் கிழித்து டாக்டரம்மாவிடம் நீட்டினேன்.

"கரகத்துக்குப் பின்னால நடந்து போவட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"உட்கார்ந்து உட்கார்ந்து போங்க. இரைச்சா நின்னுருங்க" என்றார் டாக்டரம்மா.

விழா நாளில் நாங்கள் இருவரும் முன்பே ஏறி, கோயில் வாசலில் காத்திருந்தோம். கரகம் வந்தது, கூட்டம் வந்தது. கடைசியில், கவுண்டரோடு புளி உலுக்குவதைப் பற்றி ஏதோ வழக்குப் பேசிக்கொண்டே வெள்ளையன் ஏறி வந்தார். நேராக டாக்டரம்மாவிடம் வந்து கையை நீட்டினார், நாடி பார்க்க.

டாக்டரம்மா அந்தக் கையைத் தொடவில்லை. கைகூப்பினார்.

"பார்க்க வேணாங்க. அந்தச் செங்குத்துல நீங்க வாய் ஓயாம சண்டை போட்டுக்கிட்டே ஏறி வந்ததை இங்கிருந்தே பார்த்துட்டேன்."